அண்டார்க்டிகா: கரையிறக்கும் சிறு கப்பலா, காட்டிவிட்டுத் திரும்பும் பெருங்கப்பலா?

500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் அண்டார்க்டிகாவில் யாரையும் கரையிறக்கக் கூடாது. சிறு கப்பலிலும் ஒரே சமயத்தில் 100 பேர்தான் கரையில் நிற்கலாம். 20 பேருக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். ஆகவே இரண்டின் பாதிப்பையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது.

சிறு கப்பலின் பாதிப்பு காலடியில் இருக்கிறது. பூட்ஸின் அடிப்பள்ளம், வெல்க்ரோ பட்டை, பையின் தையல் மடிப்பு: விதை ஒளிந்துவரும் இடங்கள் இவை. முதலில் பிரஷ், ஊக்கு, வேக்குவம் கொண்டு மண்ணையும் விதையையும் எடுக்க வேண்டும். பிறகுதான் கிருமிநாசினியில் முக்க வேண்டும். சேறு அப்படியே இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. வரிசை மாறினால் அத்தனையும் வீண். அண்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் போவா அன்னுவா என்ற அந்நியப் புல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. பாசிமேல் பதிந்த தடமோ பல ஆண்டு மறையாது.

பெருங்கப்பலில் புகையும் விபத்து அபாயமுமே முதன்மை. கப்பல்கள் எரிக்கும் கெட்டியான கன எரியெண்ணெய்க்கு 2011 ஆகஸ்ட் முதல் அங்கே தடை; ஆனாலும் டீசல் புகையின் கரி பனியில் படிந்து, வெயிலை உறிஞ்சி உருகலைக் கூட்டும். 2007-இல் எக்ஸ்ப்ளோரர் என்ற சிறு சுற்றுலாக் கப்பல் அங்கே மூழ்கியபோது 154 பேரையும் வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டது. பெருங்கப்பலின் ஆயிரக்கணக்கானோரை அப்படி ஏற்ற முடியாது.

ஆளுக்கு இவ்வளவு எரிபொருள் என்று வகுத்துப் பெருங்கப்பலை மெச்சுவது தவறு. கடலில் கொட்டிய எண்ணெயைத் தலைக்கு இவ்வளவு என்று வகுக்க முடியாதே! பூட்ஸ் சோதனை கறாராக நடக்கும் சிறு கப்பலே எங்கள் தேர்வு.