டிஎஸ்3231 கடிகார மொடியூல்: சில்லு திறம், ட்ரைவர் பெயரில் கவனம்

ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் பற்றரியோடு ஓடும் கடிகாரம் இல்லை, நேரத்தை நெற்றில் இருந்துதான் எடுக்கும். யாழ்ப்பாணத்தில் கரண்டும் நெற்றும் ஒன்றாகப் போய், கரண்ட் மட்டும் திரும்பினால் கடை பில்லில் பழைய நேரம்தான் விழும். அதற்கு டிஎஸ்3231 சில்லு உள்ள இந்தக் கடிகார மொடியூல் நல்ல மருந்து. 0 முதல் 40 பாகை வரை பிழை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு), அதாவது வருடத்துக்கு ஒரு நிமிடமளவு. தகரக் கூரைக்குக் கீழே 40ஐத் தாண்டினால் 3.5 வரை போகலாம். பில்லுக்கு அது காணும்.

பையில் ஓடும் லினக்ஸில் இந்தச் சில்லோடு பேசுவதற்கெனத் தனி ட்ரைவர் கிடையாது. டிஎஸ்1307 பெயரில் உள்ள பொது ட்ரைவரே ஒரு குடும்பச் சில்லுகளையெல்லாம் பார்க்கிறது. ஒரே கோட், பிழை திருத்தமும் எல்லாருக்கும் போய்ச் சேரும். ஆனால் எந்தச் சில்லு பூட்டியிருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஓவர்லே அமைப்பில் சில்லின் பெயரைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 1307 என்று கொடுத்தாலும் நேரம் ஓடும், அதுதான் வில்லங்கம். 3231 இல் கடிகாரம் நின்றதைச் சொல்லும் பிற் (ஒரு 0/1 அடையாளம்) 0எஃப் என்ற ரெஜிஸ்டரில், அதாவது சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவு இடத்தில், இருக்கிறது. 1307 என்று நம்பும் ட்ரைவர் அங்கே எட்டியும் பார்க்காது. பற்றரி செத்த பின் வரும் பிழையான நேரத்தைச் சரியென்றே எடுத்துக்கொள்ளும். சில்லில் உள்ள வெப்பமானியும் கிடைக்காது.

வயரிங் சுலபம்: பையின் 1, 3, 5, 6 ஆம் இலக்கப் பின்கள் (ஊசிகள்) போதும், பின் 1 தருவது 3.3 வோல்ற். 5 வோல்ற் மட்டும் கொடுக்க வேண்டாம். மலிவு போர்ட்டில் உள்ள சார்ஜிங் சுற்று, சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032 பற்றரியை ஊத வைக்கும். 3.3 வோல்ற்றில் அந்தத் தொல்லை இல்லை. பை 5 வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை, கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. பற்றரி மட்டும் வாங்குங்கள்.