ஒயின் ஏரேட்டர் வாங்கத்தான் வேண்டுமா?

ஒயினில் காற்றைக் கலக்கும் கருவிதான் ஏரேட்டர். அதில், கோப்பைக்கு மேலே கையில் பிடித்துக்கொண்டு ஒயினை ஊற்றும் வகையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இதன் நடுக்குழாய் ஓரிடத்தில் குறுகுகிறது. அங்கே ஒயின் வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைந்து, பக்கத்துத் துளைகள் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இத்தாலிய இயற்பியலாளர் வென்டூரியின் பெயரால் வழங்கும் இந்த விளைவு உண்மையானது. காற்றுக் குமிழ்களைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்தக் காற்று என்ன செய்கிறது என்பதில்தான் விளம்பரங்கள் மிகைப்படுத்துகின்றன. புதிதாகத் திறந்த சில புட்டிகளில், குறிப்பாகத் திருகுமூடியிட்டவற்றில், அழுகிய முட்டையின் வாடை அடிப்பதுண்டு. அதற்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு எளிதில் வெளியேறும் வாயு என்பதால், ஏரேட்டர் வழியே ஊற்றியதுமே வாடை தணிந்து, அதுவரை அமுங்கிக் கிடந்த பழமணம் மேலெழுகிறது. இந்த ஒரு வேலையை அது நன்றாகவே செய்கிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் என்ற பொருளின் துவர்ப்பு அப்படிப்பட்டதல்ல. ஆக்சிஜனுடன் வினைபுரிந்து அது மாறுவதற்கு மணிக்கணக்கிலோ அதற்கு மேலுமோ ஆகும். குழாயைக் கடக்கும் ஓரிரு நொடிகளில் நடக்கக்கூடியதன்று. கேபர்னே சோவினியோன் என்ற திராட்சை வகையின் இளம் சிவப்பு ஒயின் மென்மையாகிவிட்டதாக எனக்கும் தோன்றியதுண்டு என்றாலும், மணம் விரிந்ததால் வந்த உணர்வே அது என்று கருதுகிறேன். ஐயமுள்ளவர்கள் மூன்று கோப்பைகளில் ஒன்றை மட்டும் ஏரேட்டர் வழியே வேறொருவரை ஊற்றச் சொல்லி, எது மாறுபட்டது என்று சுவைத்துக் கண்டுபிடிக்க முயலலாம்.

பிரான்சின் போர்தோ பகுதியில் தயாராகி, பல ஆண்டுகள் முதிர்ந்த ஒயினுக்கு இக்கருவியைப் பயன்படுத்த வேண்டாம். காற்று மிகுந்தால் அதன் நுண்மணம் விரைவில் கலைந்துவிடும். வண்டலைப் பிரிக்கப் புட்டியை அசையாமல் சாய்த்து மெதுவாக ஊற்றுவதே போதும்.

விருந்தினர்களோடு 750 மில்லிலிட்டர் புட்டியை முழுவதும் குடித்து முடிப்பவர்களுக்கு ஏரேட்டர் தேவையில்லை. வாயகன்ற கண்ணாடிக் கூஜாவில் உயரத்திலிருந்து ஊற்றினால் அதே பலன் கிடைக்கும். கார்க்கைப் பிடுங்கிவிட்டுச் சும்மா வைத்திருப்பதால் மட்டும் பயனில்லை, ஏனெனில் குறுகிய கழுத்துக்குள் காற்றுப்படும் பரப்பு மிகச் சிறியது. மாலையில் ஒரு கோப்பை மட்டும் அருந்திவிட்டு, மீதியைக் காற்றுப்படாமல் மூடி வைக்க நினைப்பவர்களுக்கே இதை வாங்கப் பரிந்துரைப்பேன். அவர்களும் பாகங்களைத் தனித்தனியே கழற்றக்கூடியதாகப் பார்த்து வாங்கி, பயன்படுத்தியவுடன் வெந்நீரில் கழுவிவிட வேண்டும்; சோப்பின் மணம் உள்ளே தங்கினால் அடுத்த கோப்பையின் சுவை கெட்டுவிடும்.