மூன்று மாதமாகக் குட்டி வளரவே இல்லை: காப்பகத்தில் விடுவதற்கு முன்னால் படியுங்கள்

அடிபட்ட நாய்க்குட்டியைத் தனியார் காப்பகத்தில் விட்டுவிட்டு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காப்பகத்தின் பெயரைப் போடவில்லை. அங்கே இன்னும் நூற்றுச் சொச்சம் நாய்கள் இருக்கின்றன, வருகிற கொஞ்ச நன்கொடையும் நின்றுபோனால் பட்டினி கிடக்கப்போவது அவைதான்.

போன மழைக்காலத்தில் சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் பின்னங்காலில் வண்டி ஏறிக் கிடந்த குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தோம். இரண்டு மாதம்தான் இருக்கும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டார்கள், நன்றாகவே பார்த்தார்கள். சிட்டு என்று பெயர் வைத்தோம். எங்களுடையது வாடகை வீடு, நாய் கூடாது என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். தெரிந்தவர் மூலமாகச் சென்னைக்கு வெளியே ஒரு காப்பகம் கிடைத்தது. சேர்க்க 4,000 ரூபாய், அப்புறம் மாதம் 2,500. "கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்றார் அதை நடத்துகிற அம்மா. தடுப்பூசி போட்டாயிற்றா என்றுகூடக் கேட்கவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வாரம் ஒரு வீடியோ வரும், கட்டுப் போட்ட காலோடு சிட்டு வாலாட்டும். மூன்றாவது மாதம் வந்ததைப் பார்த்துவிட்டு என் அக்கா, "ஏன்டி, குட்டி வளரவே இல்லையே?" என்றாள். ஐந்து மாத நாய் மடியில் அடங்காது. இது அன்றைக்கு விட்ட அதே அளவில், அதே கட்டோடு, கட்டின் ஓரத்தில் அதே மருந்துக் கறையோடு இருந்தது. சில வாரத்திலேயே பிரிக்கச் சொல்லியிருந்த கட்டு அது.

சொல்லாமல் கிளம்பிப் போனோம். வாசலிலேயே ஃபினாயில் நெடி. பத்துக்கு எட்டடித் தடுப்பு ஒன்றில் பதினான்கு நாய்களை எண்ணினேன். தண்ணீர்த் தொட்டியில் பாசி, தட்டில் மஞ்சள்தூள் மட்டும் போட்ட சோறு, ஒரு நாயின் காதுக்குள் உண்ணிகள் இடம் விடாமல் அடைத்துக்கொண்டிருந்தன. 140 நாய்களுக்கு வேலையாள் ஒரே ஒரு பெரியவர். போனில் சிட்டுவைக் காட்டினேன். "அது வந்து பத்து பன்னெண்டு நாள்லயே போயிருச்சும்மா. ரத்தமா பேதியாச்சு. அந்த வாரம் மட்டும் ஏழு குட்டி."

அது குட்டிகளுக்கு ரத்தப்பேதி வரவைக்கிற பார்வோ வைரஸாகத்தான் இருக்க வேண்டும் என்றார் நாங்கள் அப்புறம் கேட்ட டாக்டர். புதிதாக வருகிற குட்டியை இரண்டு வாரமாவது தனியாக வைக்க வேண்டும், அங்கே தனி அறையே கிடையாது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், வெறும் ஃபினாயிலுக்கெல்லாம் சாகாது, ப்ளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவ வேண்டுமாம்.

காப்பகம் நடத்துகிற அம்மாவிடம் கேட்டபோது அழுதார். "உங்க காசுலதான் மத்த நாய்ங்க சாப்பிட்டுச்சு" என்றார். அது பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாய்க்கு நாளைக்கு 40 ரூபாய் என்று வைத்தாலும் 140 நாய்களுக்கு மாதம் 1,68,000 ரூபாய் ஆகிறது, அதில் மருந்தும் வாடகையும் சம்பளமும் சேரவில்லை. அடிபட்ட நாயின் போட்டோ போட்டால்தான் பணம் வருகிறது, அதனால் இடம் இல்லாதபோதும் இன்னொன்றை எடுக்கிறார்கள், ஏற்கெனவே இருப்பவற்றின் தட்டில் சோறு குறைகிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் மற்ற நாய்களுக்காகவே அந்த 2,500-ஐ அனுப்பியிருப்பேன். செத்த குட்டியை வாலாட்ட வைத்து வாங்கியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"இப்போது இடம் இல்லை" என்று சொல்கிற காப்பகத்தை நம்புங்கள். தனி அறை இருக்கிறதா, டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். பணம் அறக்கட்டளைக் கணக்குக்குப் போகிறதா, தனி ஆளின் ஜிபே நம்பருக்கா, நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கேட்க உதவுகிற ரசீது (80ஜி என்பார்கள்) தருவார்களா என்றும் பாருங்கள். விடுவதற்கு முன்னால் ஒருமுறை சாப்பாட்டு வேளையில் சொல்லாமல் போய் நில்லுங்கள். உள்ளே விட மறுத்தால் குட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே விட்டிருக்கிறவர்கள் அடுத்த மாதப் பணம் அனுப்பும் முன் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். கட்டு பிரித்தாயிற்றா, நீங்கள் மாட்டிய காலர் கழுத்தில் இறுக ஆரம்பித்திருக்கிறதா என்று பாருங்கள்.