கிரியேட்டின் என்று நம்பி 4,800 ரூபாய்க்கு இனிப்புத் தூள் வாங்கினேன்

நேற்று மாலை மூன்றாவது முறையாக அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். கோபம் இன்னும் தணியவில்லை. எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தசைக்கு வலு தரும் கிரியேட்டின் தூள் என்று நம்பி வாங்கியதில் போனது 4,800 ரூபாய். சுவர் முழுக்கப் புரோட்டீன் டப்பாக்களை அடுக்கி, பக்கத்து ஜிம்மிலிருந்து வருகிறவர்களை நம்பி நடக்கும் சப்ளிமென்ட் கடைகளில் அதுவும் ஒன்று. அதற்கு மேல் அடையாளம் சொல்லப்போவதில்லை. வாங்குவதற்கு முன் எவற்றையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வின் உடல்திறன் போட்டிக்குப் பயிற்சி செய்து வருகிறேன். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிப்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. கயிறு ஏறுவதிலும் 100 மீட்டர் ஓட்டத்திலும்தான் கடைசி நொடிகளில் வலு போய்விடுகிறது. அத்தகைய சில நொடிக் கடும் முயற்சியில் தசை ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை மளமளவென்று செலவழிக்கிறது என்பதையும், தசையில் சேமிப்பாக இருக்கும் பாஸ்போகிரியேட்டின்தான் அதை உடனுக்குடன் ஈடுசெய்கிறது என்பதையும், கிரியேட்டின் குடித்து அந்தச் சேமிப்பைக் கூட்டினால் ஒரே பயிற்சியில் ஓரிரு முறை கூடுதலாக எடை தூக்க முடியும் என்பதையும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகே வாங்கப் போனேன். நெடுந்தூர ஓட்டத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்பதும் தெரியும். உணவில் கிரியேட்டின் கிடைப்பது முக்கியமாக இறைச்சியிலும் மீனிலும். எங்கள் வீட்டில் இரண்டும் கிடையாது. சைவ உணவினரின் தசையில் அதன் இருப்பு பொதுவாகக் குறைவு. அது ஸ்டீராய்டும் இல்லை, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலும் இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் சமயத்தில் பிரிட்டன் ஓட்ட வீரர்கள் பயன்படுத்துவதாகச் செய்தி வந்தபோதே உலகம் முழுக்கப் பேசப்பட்ட பொருள்தான். இவ்வளவு தெரிந்தவனை யார் ஏமாற்றிவிட முடியும் என்ற மிதப்பு எனக்கு இருந்தது.

நான் நம்பிய நொடியைச் சொல்ல வேண்டும். கிரியேட்டின் கேட்பதற்கு முன், 7,000 ரூபாய் விலையுள்ள உடல் எடை கூட்டுவதற்கான ஒரு மாஸ் கெய்னர் டப்பாவைக் கையிலெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு, “தம்பி, இது உங்களுக்கு வேண்டாம். உள்ளே வெறும் மாவும் சர்க்கரையும்தான், காசை வீணாக்காதீங்க” என்றார். 7,000 ரூபாய் வியாபாரத்தை வேண்டாமென்று சொல்கிறவர் பொய் சொல்வாரா? பிறகு அவரே, கிரியேட்டினின் வழக்கமான வடிவமான கிரியேட்டின் மோனோஹைட்ரேட் டப்பாவை எடுத்தார். வெளிநாட்டுச் சரக்கு, மணமோ சுவையோ சேர்க்காதது, தானும் தினமும் குடிப்பது என்றார். ஒரு டப்பா 2,400 என இரண்டு டப்பாவுக்கு 4,800 ரூபாயை யுபிஐ வழியே அனுப்பினேன். பணம் கடையின் பெயருக்குப் போகாமல் ஒரு தனிநபர் பெயருக்குப் போனதையும், பில் என்று கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு என்பதையும் அப்போதே பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் ஐந்து நாள்கள், தசையை விரைவாக நிரப்பும் வழக்கமான முறைப்படி, நாளொன்றுக்கு 20 கிராமை நான்கு வேளையாகப் பிரித்துக் குடித்தேன். குளிர்ந்த நீரில் போட்டதுமே கலங்கலின்றிக் கரைந்தது. நாக்கில் இலேசாக இனித்தது. தரமான சரக்கு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நான் மகிழ்ந்துபோனதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. தசையில் நீர் சேர்வதால் பலருக்கு அந்த ஒரு வாரத்திலேயே ஒரு கிலோ அளவுக்கு எடை கூடும். எனக்கு முள் அசையவில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டது.

மாநில அளவில் கபடி விளையாடும் நண்பன் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “என்னடா, குளுக்கோஸ் மாதிரி இருக்கு?” என்றான். அவனுடைய தூளில் 5 கிராமை ஒரு டம்ளரிலும் என்னுடையதில் 5 கிராமை இன்னொன்றிலும் 200 மில்லி நீரில் கலக்கினோம். உண்மையான மோனோஹைட்ரேட் அந்த அளவு குளிர்ந்த நீரில் 3 கிராம்கூடக் கரையாது. அவன் டம்ளரின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. என்னுடையது பளிங்குபோலத் தெளிந்திருந்தது. டப்பாவில் அச்சிட்டிருந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்தத் தொகுதி எண் தங்களுடையதே இல்லை என்று பதில் வந்தது.

கடைக்கு முதல்முறை போனபோது, கடைக்காரர் “உடம்பு பிடிக்க ஒரு மாசம் ஆகும் தம்பி, தண்ணி நிறையக் குடிங்க” என்றார். நாளுக்கு 3 கிராம் எடுப்பவருக்கு அது சரிதான். 20 கிராம் குடித்தவனிடம் அதையே சொன்னார். இரண்டாம் முறை, ஓனர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்று கடைப் பையன் அனுப்பிவைத்தான். நேற்று ஓனர் இருந்தார். “சீல் உடைச்ச டப்பாவை எப்படி சார் திருப்பி எடுக்கிறது?” என்றார். தம்பி அதற்குள் சார் ஆகியிருந்தேன். சீல் உடைக்காத இரண்டாவது டப்பாவை நீட்டினேன்; அது இந்தக் கடையில் வாங்கியதுதான் என்பதற்குப் பில் இருக்கிறதா என்று கேட்டார். வீடு வந்து சேர்வதற்குள் வாட்ஸப்பில் என்னைத் தடுத்தும்விட்டார்.

4,800 ரூபாய் எனக்கு இரண்டு மாத ஜிம் கட்டணமும் ஒரு ஜோடி ஷூவும். ஆனால் அதைவிட என்னை உறுத்துவது நண்பன் வாயில் போட்டுக்கொண்ட அந்த ஒரு கரண்டிதான். போலித் தூளில் தடைசெய்யப்பட்ட மருந்து ஏதேனும் கலந்திருந்து பரிசோதனையில் அகப்பட்டால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லி விளையாட்டு வீரர் தப்பிவிட முடியாது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. ஜிஎஸ்டி பில் தராத கடையில் வாங்காதீர்கள். தனிநபர் பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளரின் முகவரியும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும் டப்பாவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சுவை சேர்க்காத தூள் இனித்தால் குடிக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உண்மையான கிரியேட்டினையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து, 4,800 ரூபாய்க்கான யுபிஐ ரசீதையும் அந்த எஸ்டிமேட் சீட்டையும் வைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். இரண்டாவது டப்பாவின் சீலை உடைக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன்.