விழாத முடி எங்கே போகும்? பொமரேனியனா, பூடில் கலப்பா

நாய் வளர்ப்பது என்று வீட்டில் முடிவானதும் இரண்டு வகைதான் மனதில் நின்றன. ஒன்று பொமரேனியன். மற்றது மால்ட்டீஸும் பூடிலும் கலந்த சின்ன நாய். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்களுக்குப் பெரிய வளவு இருந்தாலும் நாய் இருக்கப்போவது வீட்டுக்குள், அம்மாவின் காலடியில். அம்மாவுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு. முடி கொட்டாத நாய் என்றால் நல்லது என்று அந்தக் கலப்பு நாயையே எடுத்தேன். சீனிக்கு இப்போது 3 வயது. பக்கத்துத் திருநெல்வேலியில் மச்சாள் வீட்டு ரொபி பொமரேனியன், 9 வயது, குட்டியிலிருந்து என் கண் முன்னால் வளர்ந்தவன். இந்த இரண்டு நாய்களையும் வைத்துத்தான் எழுதுகிறேன். என் மனம் சீனியின் பக்கம் சாயும் என்பதையும் முதலே சொல்லிவிடுகிறேன்.

பொதுவானவற்றை நீட்டத் தேவையில்லை. இரண்டும் சின்ன உடம்பு, கொஞ்சச் சாப்பாடு. கவனித்து வளர்த்தால் 12 முதல் 15 வருடம் வரை இருக்கக்கூடியவை. இரண்டுக்கும் பல் கெதியாகப் பழுதாகும், முழங்கால் சிரட்டை விலகும். விசர்நாய்த் தடுப்பூசி எந்த நாயென்றாலும் போடத்தான் வேண்டும்.

குணத்தில் வித்தியாசம் படலையடியிலேயே தெரிந்துவிடும். பாண் ஓட்டோவின் பாட்டு எங்களுக்குக் கேட்க முதலே ரொபி குரைக்கத் தொடங்கிவிடுவான். சைக்கிள், தபால்காரர், வேலியில் ஓடும் அணில், எல்லாவற்றுக்கும் அறிவிப்பு உண்டு. இரவில் பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு அது பெரிய துணை என்று மச்சாள் சொல்வது உண்மைதான். சீனி வந்தவர் யாரென்று பாராமல் வாலை ஆட்டிக்கொண்டு போய் நிற்பாள். காவலுக்கு என்றால் பூடில் கலப்பை வாங்கவேண்டாம்.

ஆனால் ஆளை வாசிக்கிற கெட்டித்தனம் சீனியிடம் இருக்கிறது. பூடில் ஒருகாலத்தில் சுடப்பட்ட தாராவைத் தண்ணீருக்குள் நீந்திப்போய் எடுத்துவந்த வேட்டை நாய். மனிதனின் கையையும் குரலையும் கவனித்து வேலை செய்த பரம்பரை. அவித்த கோழித் துண்டு ஒன்றைக் காட்டி, 'இரு' என்ற சொல்லை இரண்டு நாளில் பழக்கினேன். அம்மா செபமாலையைக் கையில் எடுத்தால் சீனி தானாகவே பாயில் போய்ப் படுப்பாள். குரலை உயர்த்திப் பேசினால் கதிரைக்குக் கீழே போய்விடுவாள். ரொபிக்கு ஏச்சு ஒரு காதால் போய் மற்றக் காதால் வரும்.

இந்த ஒட்டுதலுக்கு ஒரு விலையும் உண்டு. தனிமை அவளுக்கு ஆகாது. முதல் மாதம் நான் வேலைக்குப் போக, அம்மாவும் கோயிலுக்குப் போன ஒருநாள், கால்துடைக்கும் பாயைத் தும்பு தும்பாகப் பிய்த்துப் போட்டிருந்தாள். பிறகு 5 நிமிடம், 10 நிமிடம், அரை மணித்தியாலம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினேன். பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் பொமரேனியன் ஓரளவு தாங்கும். ரொபி முன்விறாந்தையில் படுத்து ஒழுங்கையைப் பார்த்தே பொழுதைப் போக்குவான்.

இனி முடிக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முடிவைத் தீர்மானிக்கவேண்டும்.

"இது கொட்டாது" என்று சொல்லித்தான் குட்டியைத் தந்தார்கள். அப்படியென்றால் பழைய முடி எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. எந்த நாயின் முடியும் வளரும், உதிரும், புதிதாக முளைக்கும். ரொபியின் முடி நிலத்தில் விழும். மச்சாள் தும்புத்தடியோடு திரிவார், ஆனால் கூட்டினால் அது முடிந்துபோகும். சீனியின் உதிர்ந்த முடி சுருளுக்குள் சிக்கி அங்கேயே நிற்கும். ஒரு நாள் விட்டால் முடிச்சு, ஒரு கிழமை விட்டால் சடை.

அவளுக்கு 8 மாதமானபோது ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. குட்டி முடி போய் வளர்ந்த நாயின் முடி வருகிற பருவமும் அதுதான் என்று எனக்குத் தெரியாது. மேலால் பிறஷ் போட்டேன், பஞ்சு மாதிரி அழகாக இருந்தது. மழையில் நனைந்து வந்தாள், துவாயால் தேய்த்துத் துடைத்தேன். நனைந்த சடை இறுகும், தேய்த்தால் இன்னும் இறுகும். இரண்டு கிழமையில் காதுக்குப் பின்னால் கையை விட்டால் கம்பளித் துண்டு மாதிரி ஒரு தட்டு. விரல் தோலுக்குப் போகவில்லை. மிருகவைத்தியரிடம் கொண்டுபோய் ஒட்ட வழித்தோம். சடைக்குக் கீழே தோல் சிவந்து ஈரமாக இருந்தது. அதற்குள்ளே மல்லி விதை அளவில் சாம்பல் நிறத்தில் ஒரு உண்ணி, இரத்தம் குடித்து ஊதிப்போய் இருந்தது. அவளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

எங்கள் ஊரில் உண்ணியை இலேசாக எடுக்கக்கூடாது. நாய்களைப் பிடிக்கிற பழுப்பு உண்ணி நாயில் மட்டும் இருப்பதில்லை. சுவர் வெடிப்பில், கதவு இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது கடித்துப் பரப்புகிற உண்ணிக் காய்ச்சலில் பல் முரசு வெளிறும், நாய் சாப்பாட்டை மறுக்கும், சிறுநீர் கடுஞ்சிவப்பாகவும் போகலாம். கலப்பின் சுருளுக்குள் உண்ணியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பொமரேனியனின் அடர்ந்த முடிக்குள்ளும் கஷ்டம்தான், ஆனால் விரலால் பிரித்தால் தோல் தெரியும்.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தை விளக்கின் கீழே 20 நிமிடம் எங்கள் வேலை நடக்கும். சின்ன வயதில் அம்மா எனக்குப் பேன் பார்த்த மாதிரியேதான். வகிடு பிரித்து, தோலின் வெளிர் ரோசா நிறம் தெரியும்வரை ஒவ்வொரு வரியாகப் பிறஷ் போட்டு, பிறகு இரும்புச் சீப்பை அடியிலிருந்து இழுப்பேன். சீப்பு தட்டாமல் போனால்தான் அந்த இடம் முடிந்தது என்று கணக்கு. காதுக்குப் பின்பக்கம், அக்குள், பட்டி உரசும் கழுத்து, தொடை இடுக்கு, இந்த நான்கு இடத்திலும்தான் சடை முதலில் தொடங்கும். குளிக்க வார்ப்பதும் சீப்புப் போட்ட பிறகுதான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது, ஷாம்பு நுரைக்காது, கழுவினாலும் படிந்து நிற்கும். அதனால் இரண்டு தரம் அலசி, துவாயால் ஒற்றி எடுத்து, காற்றடிக்கிற மெசினால் அடிவரை காயவைப்பேன். செம்பாட்டு மண் அப்பிய காலை உடனே கழுவுவதில்லை. காயவிட்டுச் சீப்பினால் மண் தானாகக் கொட்டும்.

ஆறு கிழமைக்கு ஒருதரம் முடி வெட்டவும் வேண்டும். அதை நானே பழகிக்கொண்டேன். கிளிப்பரின் அலகு சூடாகும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருதரம் என் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பேன். சித்திரை வெயிலுக்கு ஒரு சென்ரிமீற்றர் விட்டு வெட்டினால் அவளுக்கு ஆறுதல். அது திரும்ப வளர்ந்துவிடும்.

பொமரேனியனில் அப்படிச் செய்யக்கூடாது. அதற்கு மேல்முடி, அடிமுடி என்று இரண்டு அடுக்கு. வெக்கைக்கு நல்லதென்று யாரோ சொல்லக் கேட்டு மச்சாள் ஒரு சித்திரையில் ரொபியை வழிக்கக் கொடுத்தார். முதுகில் முடி ஒழுங்காக வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. இந்த இனத்தில் சிலவற்றுக்கு அது வராமலே போவதும் உண்டு. ஆகவே வெயிலில் பொமரேனியனுக்கு நிழலும் ஈரத் தரையும் காற்றாடியும்தான் வழி. நடத்துவது இரண்டையும் விடியவும் பொழுதுபட்ட பிறகும்தான். தார் றோட்டில் புறங்கையை வைத்துப் பார்க்கவேண்டும், எங்களுக்குச் சுட்டால் அவற்றின் காலுக்கும் சுடும்.

தொய்வுக்காகக் கலப்பை நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒவ்வாமையைத் தருவது முடியே அல்ல, நாயின் எச்சிலிலும் தோல் பொடியிலும் இருக்கிற புரதங்கள்தான். அவை பூடிலிலும் உண்டு. 1989இல் ஆஸ்திரேலியாவில் வொலி கொன்ரன் என்பவர் இதே நோக்கத்தில்தான் லப்ரடோரையும் பூடிலையும் கலந்தார். ஹவாயில் பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது, கணவருக்கு நாய் முடி ஒவ்வாது. பிறந்த 3 குட்டிகளில் ஒன்றுதான் அவருக்கு ஒத்துவந்தது. அம்மாவுக்குச் சீனியால் இழுப்புக் கூடவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். படுக்கையறைக்குள் அவளை விடுவதில்லை. எடுக்க முதல் அந்தக் குட்டியோடு இரண்டு மூன்று நாள் இருந்து பாருங்கள்.

குட்டியைப் பார்க்கும்போது மூக்குக்கு மேலே மீசையும் புருவ முடியும் இருக்கிறதா என்று கவனியுங்கள். மீசை வைத்த கலப்புகள் பொதுவாகக் குறைவாகக் கொட்டும். மூஞ்சி மழமழவென்று இருந்தால் பூடிலின் முடி வரவில்லை என்று அர்த்தம். அது கொட்டவும் செய்யும், சில நேரம் சடையும் போடும்.

சின்ன விசயங்கள் சில. கலப்பின் காதுக்குள்ளே முடி வளரும், மாரியில் ஈரம் நின்றால் மணக்கத் தொடங்கும், கிழமைக்கு ஒருதரம் பார்க்கவேண்டும். ரொபிக்கு இப்போது கழுத்துப் பட்டி இழுபட்டால் தாரா கத்துவது போல ஒரு இருமல், சுவாசக்குழாய் தளர்ந்ததால். அந்தப் பலவீனம் பல சின்ன இனங்களுக்கும் உண்டு, ஆகவே இரண்டுக்கும் நெஞ்சுப் பட்டிதான் நல்லது. வளவில் முந்திரிகை (திராட்சை) பந்தல் இருந்தால் விழுகிற பழத்தைப் பொறுக்கிவிடுங்கள், நாயின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். வெங்காயம், உள்ளி போட்ட குழம்புச் சோறும் வேண்டாம்.

சீனியின் முதுமையை நான் இன்னும் காணவில்லை. ரொபியின் 9 வருடத்தோடு அவளின் 3 வருடத்தை வைத்து நோய்நொடியில் எது மேல் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் வீட்டில் எந்நேரமும் ஒருவர் இருந்து, இரவில் 20 நிமிடம் தவறாமல் ஒதுக்க முடிந்தால், நான் திரும்பவும் பூடில் கலப்பைத்தான் எடுப்பேன். அந்த நேரம் இல்லையென்றால் பொமரேனியனை எடுத்து, கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சீவிக் கூட்டித் தள்ளுவது நாய்க்கும் நல்லது.

போன மாதம் மச்சாள் வந்து, "எனக்கும் உப்பிடி ஒண்டு எடுத்துத் தாவன்" என்றார். "முதல் இதைப் பிடியுங்கோ மச்சாள்" என்று சீப்பைக் கொடுத்தேன். சீனி அவரின் மடியில் ஏறி மல்லாந்து படுத்தாள். ஒரு காது முடிய எட்டு நிமிடம். மச்சாள் சட்டைக்கையை மடித்துவிட்டு மற்றக் காதைத் திருப்பினார்.