கீழமாசி வீதியில் வாங்கிய பிரசவ மருந்து

தங்கையின் பிரசவத்துக்காக மெல்போர்னிலிருந்து மதுரை போயிருந்தேன். குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் அம்மா ஒரு சீட்டை நீட்டி, "பிள்ளை பெத்தவ மருந்து வாங்கிட்டு வா" என்றார்.

முதலில் வீட்டுப் பக்கத்துக் கடையில் டப்பாவில் அடைத்த லேகியம் வாங்கினேன். என்ன சேர்த்தார்கள், எப்போது செய்தார்கள், ஒன்றும் போடவில்லை. கேட்டதற்கு "எல்லாம் மூலிகைதான்" என்று பதில். பால் கொடுக்கிறவள் சாப்பிடும் பொருளை இப்படியா விற்பது? கோபத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சி சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே கேட்டார்: சுகப்பிரசவமா, ஆபரேஷனா? பிரஷர், சுகர் இருக்கா? ஆபரேஷன் என்றதும், "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்கம்மா. சுகர் இருந்தா கருப்பட்டி லேகியமே வேணாம்" என்றார். அப்புறம்தான் தராசு. சுக்கு, மிளகு, ஓமம், சித்தரத்தை, சதகுப்பை, வால்மிளகு, ஜாதிக்காய். பூச்சி துளைத்த ஒரு சுக்குத் துண்டைத் தனியே எடுத்துப் போட்டார். அரிசித் திப்பிலியையும் கண்டந்திப்பிலியையும் என் உள்ளங்கையில் வைத்து, முன்னது காய், பின்னது அதே கொடியின் தண்டும் வேரும் என்று காட்டினார். குச்சியை ஒடித்து மோந்து பார்த்தேன், மூக்கில் சுர்ரென்று ஏறியது.

அரசு கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த அம்மா மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகத்தின் 11 சித்த மருந்துகளில் சௌபாக்கிய சுண்டி லேகியமும் ஒன்று. சுண்டி என்றால் சுக்குதான்.

டாக்டர் சரி சொன்ன பிறகு அம்மா எல்லாவற்றையும் வறுத்து, இடித்து, சலித்தார். உடன்குடி கருப்பட்டிப் பாகில் பொடியைத் தூவி, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டு, உருளியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கிண்டினோம். காலையில் ஒரு நெல்லிக்காய் அளவு, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அம்மாவோடு சண்டை. பச்சை உடம்பு, தண்ணீர் அதிகம் கூடாது என்றார். பால் கொடுத்து முடித்ததும் தங்கைக்கு உதடு காய்ந்துவிடுகிறது! தாகத்துக்குத் தண்ணீர் மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைசியில் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர் ஒரு பிளாஸ்க் நிறைய அவள் தலைமாட்டிலேயே இருந்தது.

ஆஸ்திரேலியாவுக்குள் மூலிகை எதைக் கொண்டுபோனாலும் விமான நிலையத்தில் சொல்லியாக வேண்டும். அதனால் லேகியத்தை ஊரிலேயே விட்டுவிட்டேன். அந்தச் சீட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு சரக்குக்கும் பக்கத்தில் அண்ணாச்சி பேனாவால் எடை எழுதிக் கொடுத்திருக்கிறார்.