வாடகை மோடமா, சொந்த மோடமா? கேபிள் இணைய இணைப்புக்கு எது ஏற்றது

அமெரிக்காவில் கேபிள் நிறுவனத்தின் வழியாக வீட்டுக்கு இணையம் பெறுகிறவர்கள், நிறுவனம் தரும் பெட்டியை மாத வாடகைக்கு வைத்துக்கொள்வதா, கடையில் சொந்தமாக ஒரு மோடம் வாங்கிப் பொருத்துவதா என்று ஒரு கட்டத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகள் வாடகை கட்டிய பிறகு நான் சொந்த மோடத்துக்கு மாறினேன். இன்று யாராவது கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நிறுவனம் தன் வலையமைப்பை மாற்றும்போது அந்த மோடமும் ஈடுகொடுக்க வேண்டும். கடைக்காரர்களும் விளம்பரங்களும் அதைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை என்பதால், இந்த அலசலின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

பணக் கணக்கு எல்லோரும் அறிந்ததே. பெரிய நிறுவனங்களில் மாத வாடகை ஏறத்தாழ 15 டாலர், அதாவது ஆண்டுக்கு 180 டாலர். கேபிள் வழி இணையத்துக்கான தொழில்நுட்பத் தரமான டாக்சிஸின் 3.1 பதிப்பில் ஒரு நல்ல மோடம் 150 முதல் 200 டாலருக்குள் கிடைக்கிறது. மோடத்துக்கு வரும் இணையத்தை வீட்டுக்குள் பகிரும் வைஃபை ரூட்டரைத் தனியாக வாங்கினாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். சொந்தக் கருவி வைத்திருப்பவரிடம் அந்தக் கருவிக்காக நிறுவனம் வாடகை வசூலிக்கக் கூடாது என்று 2019இல் இயற்றப்பட்ட தொலைக்காட்சி நேயர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த விதி 2020 டிசம்பர் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே மோடத்தை மாற்றிய பிறகும் பில்லில் வாடகைக் கட்டணம் நீடித்தால், தயங்காமல் கேட்டு நீக்கச் சொல்லலாம்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தாது. சார்ட்டர் நிறுவனத்தின் இணையச் சேவையான ஸ்பெக்ட்ரம், மோடத்துக்கு வாடகை வாங்குவதில்லை. அங்கே வைஃபைக்கான கட்டணத்தைத் தவிர்க்க ஒரு ரூட்டர் வாங்கினால் போதும், மோடம் வாங்குவதில் மிச்சம் எதுவும் இல்லை. காம்காஸ்ட் 2025இல் அறிமுகப்படுத்திய புதிய எக்ஸ்ஃபினிட்டி திட்டங்களிலும் பெட்டியின் விலை திட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பழைய திட்டத்தில் தொடர்கிறவர்களும், வாடகையைத் தனிக் கட்டணமாகப் போடும் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும்தான் சொந்த மோடத்தால் பணத்தை மிச்சப்படுத்த முடியும். முதலில் உங்கள் பில்லை எடுத்து அந்தக் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகைப் பெட்டிக்கும் நியாயமான வசதிகள் உண்டு. பழுதானால் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்கி வரலாம், எந்தக் கோளாறுக்கும் ஒரே தொலைபேசி எண்தான். மோடம், ரூட்டர், வைஃபை மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் மேசையில் கம்பிகளும் குறைவு. ஓரிரு ஆண்டுகளில் வேறு ஊருக்குப் போகவிருப்பவர்களுக்கும், இந்த விஷயங்களில் கையே வைக்க விரும்பாதவர்களுக்கும் அது பொருத்தமான தேர்வு. கேபிள் நிறுவனத்தின் வீட்டுத் தொலைபேசியும் சேர்ந்து இருந்தால், குரல் இணைப்புக்கான துளையுள்ள மோடம் தேவைப்படும். கடைகளில் அந்த வகை மோடங்கள் குறைவு. நான் அந்தச் சேவையைப் பெற்றதில்லை என்பதால், அப்படிப்பட்டவர்களைச் சொந்த மோடம் வாங்கும்படி நான் வற்புறுத்த மாட்டேன்.

இனி நான் சொன்ன நிபந்தனைக்கு வருகிறேன். சொந்த மோடத்தின் ஆயுள், அது எப்போது பழுதாகும் என்பதைவிட, நிறுவனம் தன் வலையமைப்பை எப்போது மாற்றும் என்பதைப் பொறுத்தே அமைகிறது. வீட்டுக்கு வரும் ஒரே கோஆக்சியல் கேபிள் கம்பியில்தான் பதிவிறக்கமும் பதிவேற்றமும் நடக்கின்றன. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகப் பதிவேற்றத்துக்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய இடம் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது, அதற்கு மேற்பட்ட பரந்த பகுதி முழுவதும் பதிவிறக்கத்துக்குப் போனது. பதிவிறக்கம் 500, 800 எம்பிபிஎஸ் என்று பாய்ந்து வந்தாலும், பதிவேற்றம் 20, 30 எம்பிபிஎஸ் அளவிலேயே தேங்கி நின்றதற்குக் காரணம் இதுதான். இப்போது நிறுவனங்கள் அந்த எல்லையை 85 மெகாஹெர்ட்ஸ் வரை உயர்த்தி வருகின்றன, சில இடங்களில் 204 வரையிலும் கொண்டுபோகின்றன. முதல் மாற்றத்தை மிட்-ஸ்பிளிட் என்றும் இரண்டாவதை ஹை-ஸ்பிளிட் என்றும் அழைக்கிறார்கள்.

மோடத்துக்குள் மேலே போகும் அலைகளையும் கீழே வரும் அலைகளையும் பிரிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது 42 மெகாஹெர்ட்ஸோடு நிற்கும்படி செய்யப்பட்டிருந்தால், தெருவில் வலையமைப்பு எவ்வளவு மேம்பட்டாலும் அந்த மோடத்துக்குப் பயனில்லை. வடிகட்டி 85 வரை மாறக்கூடியதாக இருந்தாலும், அந்த மாதிரிக்கு உங்கள் நிறுவனம் ஒப்புதல் அளித்து, அதற்கான ஃபர்ம்வேரை (மோடத்துக்குள் இயங்கும் மென்பொருளை) அனுப்பினால்தான் கூடுதல் வேகம் கிடைக்கும். எங்கள் பகுதியில் இந்த மாற்றம் நடந்தபோது, அதே திட்டத்தில் வாடகைப் பெட்டி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதிவேற்றம் 100 எம்பிபிஎஸைத் தாண்டியது. என் முதல் மோடத்திலோ அது 20ஐ ஒட்டியே இருந்தது. ஊரிலிருக்கும் அம்மா அப்பாவோடு காணொளியில் பேசுவதும், பிள்ளைகளின் வகுப்பும், அலுவலகக் கூட்டமும் ஒரே நேரத்தில் நடக்கும் வீட்டில் இந்த வேறுபாடு உடனே தெரியும். வாடகையை மிச்சம் பிடித்த பணத்தில் இன்னொரு மோடம் வாங்கினேன். இரண்டின் விலையையும் சேர்த்துப் பார்த்தாலும் நான் கட்டியிருக்க வேண்டிய வாடகை அதைவிட அதிகம்தான்.

எனவே வாங்குவதற்கு முன்னால், நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் ஒப்புதல் பெற்ற கருவிகளின் பட்டியலைத் திறந்து, உங்கள் திட்டத்தின் பதிவிறக்க வேகத்தோடு, மேம்பட்ட பதிவேற்ற வேகத்துக்கும் அந்த மாதிரி தகுதி பெற்றிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பெட்டியின் அட்டையில் அச்சிட்டிருக்கும் 'எல்லா கேபிள் நிறுவனங்களுக்கும் ஏற்றது' என்ற வாசகத்தை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். டாக்சிஸ் 3.0 தரத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய மோடங்களை இன்று வாங்குவது எந்த வகையிலும் சரியல்ல. மறுபுறம், அடுத்த தரமான 4.0 வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. காம்காஸ்ட் 2023இல் அதைச் சில நகரங்களில் தொடங்கியது என்றாலும், அந்தத் தரத்துக்குள்ளேயே இரண்டு வழிமுறைகள் இருக்கின்றன. காம்காஸ்ட் ஒன்றையும், சார்ட்டர், காக்ஸ் ஆகியவை மற்றொன்றையும் தேர்ந்தெடுத்திருக்கின்றன. ஒரு நிறுவனத்துக்காக வாங்கியது வீடு மாறும்போது பயன்படுமா என்ற நிச்சயம் இல்லாதவரை அதில் பணம் போட நான் தயங்குவேன்.

சொந்தமாக வாங்கினால் ஃபர்ம்வேரும் நம் கையில் இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது அப்படியல்ல. யார் வாங்கிய மோடமாக இருந்தாலும் அதன் ஃபர்ம்வேர் கேபிள் வழியாக நிறுவனத்திடமிருந்துதான் வரும். 2016இல் இன்டெலின் பூமா 6 சிப்பைக் கொண்டிருந்த அரிஸ் எஸ்பி6190 போன்ற மோடங்களில், இணைப்பு அவ்வப்போது தாமதித்துத் தடுமாறும் கோளாறு வெளிச்சத்துக்கு வந்தது. திருத்தம் தயாரான பிறகும், தங்கள் நிறுவனம் அதை அனுப்பும்வரை மோடத்தின் உரிமையாளர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால்தான், உள்ளே எந்த சிப் இருக்கிறது என்று பார்க்காமல் நான் மோடம் வாங்குவதில்லை.

பராமரிப்பைப் பொறுத்தவரை, இணைப்பு அறுந்து அறுந்து வரும்போது தொலைபேசியில் பேசுகிறவர் முதலில் உங்கள் மோடத்தைத்தான் குறை சொல்வார். அதற்கு விடை மோடத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான மோடங்களில் 192.168.100.1 என்ற முகவரியை உலாவியில் திறந்தால் சிக்னல் அளவுகளும் நிகழ்வுப் பதிவும் தெரியும். டிபிஎம்வி என்ற சிக்னல் அளவையில், கீழே வரும் சிக்னல் மைனஸ் 7க்கும் பிளஸ் 7க்கும் இடையில் இருப்பது நல்லது, மேலே போகும் சிக்னல் 50 டிபிஎம்விக்கு மேல் ஏறினால் தன் சிக்னல் நிறுவனத்தை எட்டுவதற்காக மோடம் மூச்சு முட்டிக் கத்துகிறது என்று பொருள். எங்கள் வீட்டில் மாலை நேரங்களில் இணைப்பு துண்டிக்கப்பட்டபோது, பதிவில் டி3 டைம்அவுட் (மோடம் அனுப்பியதற்குப் பதில் வரவில்லை) என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது, மேலே போகும் அளவு 51இல் நின்றது. தொலைக்காட்சி மேசைக்குப் பின்னால், யாரும் பயன்படுத்தாத அறைக்குக் கம்பி பிரித்த ஒரு பழைய இருவழி ஸ்பிளிட்டர் பச்சை பூத்துக் கிடந்தது. அந்த வகை ஸ்பிளிட்டர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.5 டெசிபெல் சிக்னலை விழுங்கும். அதைக் கழற்றிவிட்டு இரண்டு கம்பிகளையும் நேராக இணைத்ததும் அளவு 47க்கு இறங்கியது, அந்த வரியும் நின்றது. வாடகைப் பெட்டிகளிலும் இந்த எண்கள் பெரும்பாலும் தெரியும். ஆனால் சொந்த மோடம் வைத்திருப்பவர் அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், ஏனென்றால் அவருக்காக அதை யாரும் செய்யப் போவதில்லை.

மோடத்தையும் ரூட்டரையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன். வைஃபை தரம் மாறும்போது ரூட்டரை மட்டும், கேபிள் தரம் மாறும்போது மோடத்தை மட்டும் மாற்றினால் போதும். பழைய மோடத்தை விற்பதும் எளிது, ஆனால் மிட்-ஸ்பிளிட் வந்த பகுதிகளில் பழைய மாதிரிகளுக்கு நல்ல விலை எதிர்பார்க்க முடியாது. பயன்படுத்திய மோடத்தை வாங்குகிறவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுக்காத வாடகைப் பெட்டிகளும் சில நேரம் சந்தைக்கு வருகின்றன. அவற்றின் மேக் எண் (கருவியின் தனி அடையாள எண்) வேறொருவரின் கணக்கில் பதிந்திருப்பதால் நிறுவனம் இணைப்பைத் தர மறுத்துவிடும். பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த எண்ணை நிறுவனத்திடம் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் வாடகைப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதன் வரிசை எண் அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்கி, அடுத்த இரண்டு பில்களில் வாடகைக் கட்டணம் நீங்கியிருக்கிறதா என்று பார்க்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.